‘குடும்பக் காரணம்’ என்பது சாக்குப்போக்கா?



நம் பெரம்பூரில் ‘கோச்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஐ.சி.எஃப். ரயில் பெட்டிதான். 1955 முதல் அத்தொழிற்சாலையின் வேலை நேரத்தை ஒட்டியே உண்டு, உறங்கி, ஆராதனைக்கு வந்து போன குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். இந்த வாரம் நான் எழுத எடுத்துக்கொண்டது வேறொரு ‘கோச்’ குறித்து. வேலையையும் வீட்டையும் பற்றி நம் சபைகளில் வேரூன்றியிருக்கும் ஒரு தவறான எண்ணத்தோடு வழக்காட எனக்கு அவர் உதவுகிறார்.

2011 ஏப்ரல் 2 ஆம் நாள் இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மும்பை வான்கடே மைதானத்தில் இலங்கையை ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்று, 28 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. வீரர்கள் தங்கள் பயிற்சியாளரான கேரி கிர்ஸ்டனைத் தோளில் சுமந்தார்கள். தென் ஆப்பிரிக்கரான அவர் 2008 இல் பொறுப்பேற்றவர். அவர் காலத்தில்தான், 2009 டிசம்பரில், இந்திய அணி டெஸ்ட் தரவரிசையில் முதன்முறையாக முதலிடத்தை எட்டியது. அவர் தொடர்வதாகச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்ல இந்நாட்டில் யாருக்கும் மனம் வந்திராது. அவரோ அக்கோப்பையோடு விடைபெற்று கேப் டவுனுக்குத் திரும்பினார். மனைவியோடும் சிறு பிள்ளைகளோடும் இருக்க வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம்.

அதன்பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவ்வாண்டு இங்கிலாந்தில் இந்தியா 4–0 எனத் தோற்றது. அடுத்து ஆஸ்திரேலியாவிலும் 4–0. கிர்ஸ்டனோ அதே 2011 ஜூன் மாதத்தில் தம் சொந்த நாட்டு அணிக்குப் பயிற்சியாளரானார். “பார்த்தீர்களா, குடும்பம் என்பதெல்லாம் சாக்கு!” என்று சொல்வோருக்கு இதுவே போதுமானதாயிற்று. அவர்கள் கதையின் மீதியைப் படிப்பதில்லை. 2012 ஆகஸ்டில் அவர் பயிற்றுவித்த தென் ஆப்பிரிக்க அணி இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே வென்று டெஸ்டில் முதலிடம் பிடித்தது. அவ்வாண்டின் இறுதியில் டி20 அணியின் பொறுப்பைத் துணைப் பயிற்சியாளர் ரசல் டோமிங்கோவிடம் ஒப்படைத்துத் தம் பயணங்களைக் குறைத்துக்கொண்டார். 2013 மே மாதத்தில், அணி உயர்ந்த நிலையில் இருக்கும்போதே, ஒப்பந்தத்தை நீட்டிக்கப்போவதில்லை என்று அறிவித்தார். காரணம் மறுபடியும் குடும்பமே. ஒரே மனிதர், இரண்டு அணிகள், இரண்டு முறையும் உச்சியில் இருந்தபடியே இறங்கினார். பின்னர் வேறு அணிகளுக்கும் பயிற்சி தந்தார். தொழிலை அவர் வெறுத்துவிடவில்லை. தொழில் தம்மிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு ஓர் எல்லை வைத்தார், அவ்வளவே.

இத்தகைய ஒரு மனிதரைச் சந்தேகிக்க நமக்கு ஏன் இவ்வளவு எளிதாக இருக்கிறது? சென்னை ரசிகர்கள் 2020 ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஐ.பி.எல். தொடங்குமுன்னே சுரேஷ் ரெய்னா துபாயிலிருந்து நாடு திரும்பினார். தனிப்பட்ட காரணம் என்றுதான் அறிவிக்கப்பட்டது. உடனே விடுதி அறையைப் பற்றியும் பால்கனியைப் பற்றியும் எத்தனை கதைகள்! பஞ்சாபில் அவருடைய அத்தை குடும்பம் கொள்ளையரால் தாக்கப்பட்டு, அவ்வீட்டில் உயிர்கள் போயிருந்தன. அந்தத் துயரம் வெளிவந்த பிறகும் பால்கனிக் கதை ஓயவில்லை. லூயிஸ் என்ரிக்கே 2019 ஜூனில் ஸ்பெயின் கால்பந்து அணியின் பயிற்சியாளர் பதவியைத் துறந்தபோது காரணத்தை விளக்கவில்லை. ஒன்பது வயது மகள் எலும்புப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தாள் என்பது, ஆகஸ்டு 29 அன்று அவள் இறந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. அந்தச் சில மாதங்களைச் சம்பளத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட எவனுக்கு நாவெழும்?

ஆனால் நாவெழுகிறது, பிரியமானவர்களே. அதுவும் சபைக்குள்ளேயே எழுகிறது. பக்கவாதத்தில் விழுந்த தகப்பனாரைக் கவனிக்க வேண்டும் என்று வாலிபர் ஐக்கியப் பொறுப்பிலிருந்து ஒருவர் விலகினால், “உண்மையான காரணம் என்னவாம்?” என்று கமிட்டியில் ஒரு குரல் கேட்கும். “ஆவியில் தணிந்துவிட்டார்” என்று இன்னொரு குரல் முடிவே கட்டிவிடும். பிள்ளைகளின் தேர்வுக் காலத்தில் ஞாயிறு பள்ளிப் பொறுப்பிலிருந்து விடுப்புக் கேட்கும் ஆசிரியையை, கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்ப்பவள் என்று வசனத்தாலேயே அடிப்போம். வேத வசனம் இப்படிப் பயன்படுவதைக் காண்கையில் எனக்குக் கோபம் வருகிறது. அக்கோபத்தை நான் மறைக்கப்போவதில்லை.

இந்த மனநிலையை வளர்த்தவர்கள் பிரசங்க பீடத்தில் நிற்கிற எங்களைப் போன்றவர்களே. மிஷனெரிகளின் வரலாற்றை நாங்கள் எப்படிச் சொல்லி வருகிறோம் என்று கவனியுங்கள். வில்லியம் கேரியைத் தெரியாத சபையார் இல்லை. செருப்புத் தைத்தவர், 1793 இல் வங்காளத்துக்குக் கப்பலேறியவர், செராம்பூரிலிருந்து எத்தனையோ மொழிகளில் வேதாகமத்தை அச்சிட்டவர். டாரத்தி என்ற பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? அவர் கேரியின் மனைவி. இந்தியாவுக்கு வர முதலில் மறுத்தவர். கடைசி நேரத்தில், சில வாரக் குழந்தையைக் கையிலேந்தி, தம் சகோதரியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கப்பலேறினார். 1794 இல் ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்தான். டாரத்தியின் மனம் உடைந்தது. அது பிறகு ஒருபோதும் சீர்படவில்லை. அறைக்குள் அடைத்து வைக்க வேண்டிய நிலையிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்து 1807 இல் மரித்தார். கேரியைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. அக்காலத்தில் மனநோய்க்கு மருத்துவம் எங்கே இருந்தது? அவர் மனைவியைக் கைவிட்டு ஓடியவரும் அல்லர். என் வழக்கு, அவருடைய கதையிலிருந்து அவளை நீக்கிவிட்டுச் சாட்சி சொல்லுகிற நம்மோடு. மொழிபெயர்ப்புகளின் எண்ணிக்கையைக் கைதட்டலோடு சொல்லி, அடுத்த அறையிலிருந்தவளைச் சொல்லாமல் விட்டால், கேட்கிற வாலிபன் எதைக் கற்றுக்கொள்வான்? வீட்டில் என்ன நடந்தாலும் கர்த்தர் கணக்கில் வைப்பதில்லை என்றுதானே?

தகப்பனையாவது தாயையாவது தம்மிலும் அதிகமாய் நேசிக்கிறவன் தமக்குப் பாத்திரன் அல்ல என்று இயேசு சொன்னாரே என்பார்கள். ஆம், சொன்னார். மத்தேயு 10 ஆம் அதிகாரத்தைத் திறந்து முழுவதும் வாசியுங்கள். அங்கே அவரை அறிக்கையிடுவதா மறுதலிப்பதா என்பதே கேள்வி. விசுவாசத்தினிமித்தம் சொந்த வீட்டாரே பகைக்கும்போது நீ எந்தப் பக்கம் நிற்பாய் என்று கேட்கிறார். சனிக்கிழமை மாலைக் கமிட்டிக் கூட்டத்தைப் பற்றியோ, ஆலையின் இரண்டாம் ஷிப்டைப் பற்றியோ அவர் அங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று காணிக்கைக் கணக்கில் எழுதிவிட்டுக் கைகழுவியவர்களை அவர் கண்டித்த வேகத்தை மாற்கு 7 இல் பார்க்கலாம். சிலுவையில் தொங்குகையிலும் தம் தாய்க்கு ஒரு வீட்டை ஏற்படுத்திவிட்டே உயிரை விட்டார். கேபாவும் மற்ற அப்போஸ்தலரும் மனைவியை உடன் அழைத்துக்கொண்டே திரிந்தார்கள் என்பதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9 ஆம் அதிகாரத்தில் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். எத்தனை கன்வென்ஷன்களில் இவ்வசனத்தின் மேல் செய்தி கேட்டிருக்கிறீர்கள்?

யாத்திராகமம் 18 ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். இது நிர்வாகப் பாடமாகவே அடிக்கடி பிரசங்கிக்கப்படுகிறது: மோசே தனியே பாரம் சுமந்தான், எத்திரோ அவனுக்கு ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் தலைவரை வைக்கச் சொன்னான், நாமும் பொறுப்பைப் பகிர வேண்டும். நல்லது. ஆனால் எத்திரோ வனாந்தரத்துக்கு வந்தது எதற்காக? அதிகாரத்தின் தொடக்கத்தை வாசியுங்கள். மோசே தன் மனைவி சிப்போராளைத் திருப்பி அனுப்பியிருந்தான். கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பிள்ளைகளும் தாத்தா வீட்டில் வளர்ந்தார்கள். மாமனார் தன் மகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மருமகனைத் தேடி வருகிறார். நம் ஊரில் ஒரு பெண்ணின் தகப்பன் இப்படி வந்து நின்றால் என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வந்த மறுநாளே அவர் காண்கிறதென்ன? காலை தொடங்கிச் சாயங்காலம்வரை மருமகன் நியாயம் விசாரித்துக்கொண்டிருக்கிறான், வரிசை முடிவதாயில்லை. இது நல்லதல்ல என்கிறார் அந்த மாமனார். நிர்வாக நிபுணராக அன்று, ஒரு பெண்ணைப் பெற்றவராக அதைச் சொன்னார் என்றே நான் நம்புகிறேன். மோசே “நான் தேவ ஊழியன், உமக்கென்ன தெரியும்” என்று சீறவில்லை, சொல் கேட்டான். சீனாய் மலையின் பிரமாணம் கொடுக்கப்படுவது அடுத்தடுத்த அதிகாரங்களில்தான்.

ஏலியைக் காட்டி எதிர்வாதம் செய்யலாம். பிள்ளைகளைக் கர்த்தரிலும் அதிகமாய் மதித்தான் என்பதல்லவா அவன்மேல் வந்த குற்றச்சாட்டு? மெய்தான். ஆனால் அவன் பிள்ளைகளோடு இருந்து அவர்களைக் கெடுத்தான் என்று வேதம் எங்கே சொல்கிறது? அவர்கள் செய்வதை ஊரார் வாயால் கேட்டறிந்தான். அறிந்தும் அடக்கவில்லை என்கிறது. நாற்பது ஆண்டு இஸ்ரவேலை நியாயம் விசாரித்தவனுக்குத் தன் வீட்டுச் செய்தி வெளியாள் மூலம் வருகிறது. அது செல்லத்தைவிடப் பெரிய ஆபத்து.

இனி இன்னொரு தடையையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். “ஐயா, கிர்ஸ்டனுக்குப் பணம் இருந்தது, விலகினார். நான் எண்ணூரில் ஒப்பந்தக் கூலி. ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் வேறொருவன் என் இடத்தில் நிற்பான்.” இதற்குப் பதிலாக ராஜினாமாவை உபதேசிக்கிற போதகன் மூடன். ஒப்பந்தத் தொழிலாளியும், ராத்திரி வண்டியோட்டுகிற ரயில் ஓட்டுநரும் பிள்ளைகள் தூங்கும்போது வீட்டை விட்டுப் போய்த் தூங்கும்போதே திரும்புகிறார்கள். அவர்களுக்கு நான் கண்டனம் வைத்திருக்கவில்லை. என் கண்டனம் அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு. நாட்டின் மிகப் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்றான எல் அண்டு டியின் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன், வாரம் 90 மணி நேர உழைப்பைப் புகழ்ந்து, வீட்டில் மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்ட காணொளி 2025 ஜனவரியில் பரவியது. நாடே சிரித்தது, சினந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்ற வருத்தமும் அப்பேச்சில் இருந்தது. ஆறு நாள் வேலைக்கு ஒரு நாள் ஓய்வை நியமித்து, அதில் வேலைக்காரனையும் வேலைக்காரியையும் மாட்டையும்கூடச் சேர்த்தவர் கர்த்தர். அந்தக் கட்டளையை விட்டுக்கொடுத்துப் பேச எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. பேசினால் சபை பதில் சொல்ல வேண்டும்.

பதில் சொல்லும் தகுதி சபைக்கு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. செவ்வாய் வீட்டுக் கூட்டம், புதன் பெண்கள் ஜெபம், வெள்ளி உபவாசம், சனி பாடகர் பயிற்சி, ஞாயிறு காலை ஆராதனை, மாலை வாலிபர் கூட்டம், இடையிடையே கமிட்டிகள். எங்கும் தலைகாட்டுகிறவர் ‘வைராக்கியமுள்ளவர்’. அவர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் நாற்காலி காலியாயிருப்பதைக் கேட்பாரில்லை. வெள்ளையுடுத்திய 90 மணி நேரம் என்று இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும்.

ஆண் ஒருவர் குடும்பத்துக்காகப் பதவி துறந்தால் பத்திரிகையில் படம் வருகிறது. நானும் ஒரு கட்டுரை எழுதுகிறேன். பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் பேறுகாலத்தோடு வேலையை விட்டவர்கள், மாமியாரின் மருந்துக்காகப் பதவி உயர்வை மறுத்தவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் எவரையும் யாரும் தோளில் தூக்கவில்லை. பலரை “விட விருப்பமா?” என்றுகூடக் கேட்கவில்லை. குடும்பத்துக்கு முதலிடம் என்று நான் சொல்வதைக் கேட்டு, “ஆமென், ஆகவே நீ வேலையை விடு” என்று மனைவியைப் பார்க்கிற கணவன் ஒருவனாவது இருப்பான். அவனுக்கு இக்கட்டுரையில் இடமில்லை. கிர்ஸ்டன் விட்டது தம் வேலையை.

சபைக் கமிட்டியின் முன் இம்மாதம் இரண்டு காரியங்களை வைக்கிறேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பின் ஆலயத்தில் எந்தக் கூட்டமும் கூடாது. கமிட்டிக் கூட்டமும் அதில் அடங்கும். பாடகர் பயிற்சியை ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, குடும்பக் காரணத்தால் பொறுப்பிலிருந்து விலகக் கேட்கிறவரின் கடிதம் விவாதத்துக்கு எடுக்கப்படாமலே ஏற்கப்பட வேண்டும். அவருடைய பெயர் வார ஜெபக் குறிப்பில் சேர்க்கப்படும். அவர் விரும்பினால் மாத்திரம் காரணமும் சேரும். கமிட்டியின் மூத்த அங்கத்தினர் சிலர் இதை எதிர்ப்பார்கள் என்று அறிந்திருக்கிறேன். கூட்டம் செவ்வாய் மாலை ஏழு மணிக்கு. எட்டரைக்கு முடித்துவிடுவோம், வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.