எட்டாம் வகுப்போடு நின்ற துணை

2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது பிள்ளைகள் விட்ட பாடத்தைப் பிடிக்க வந்த திட்டம். மாலை 5 மணிக்கு மேல், அதே ஊரில் குடியிருக்கும் ஓர் அக்கா இருபது பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித்தந்தார். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாயாக இருந்தது. எந்தப் பையனின் அப்பா குடிக்கிறார், எந்த வீட்டில் நேற்று உலை வைக்கவில்லை என்பதெல்லாம் அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது. பாடத்தைவிட எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது.

ஆனால் அந்தத் துணை எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் இருந்தது. பிள்ளைகள் களைத்துப்போவது அதற்குப் பிறகு. பத்தாவது, பிளஸ் டூ என்றால் காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்டடி. திண்டிவனத்தில் டவுன் பஸ் பிடித்துக் கிராமத்துக்குப் போய் இறங்கும்போது இருட்டிவிடும். தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் பின்தங்கிய மாவட்டம் விழுப்புரம். அந்தப் பழி தலைமையாசிரியர் மேல் விழுந்து, ஆசிரியர் வழியாக இறங்கி, கடைசியில் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் உட்காருகிறது.

பின்லாந்தின் உளவியலாளர் கத்தரீனா சல்மேலா-ஆரோவும் குழுவினரும் பள்ளிச் சோர்வை அளக்க 2009-இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தவை மூன்று: தீராத அசதி, படிப்பின் மேல் வெறுப்பு, நம்மால் ஆகாது என்ற எண்ணம். நம் வீடுகளில் முதலாவதற்குச் சோம்பேறி என்று திட்டு விழும். இரண்டாவதற்குத் திமிர் என்று அடி விழும். மூன்றாவது வெளியே தெரிவதே இல்லை. எனக்குப் பயம் அதில்தான்.

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பு 2017-இல் நின்றது. 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் இல்லை. இரண்டும் நல்ல முடிவுகள். பிள்ளைகள் அழைக்க 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் வீட்டிலிருக்கும் ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கையில் அந்தப் பிள்ளை யாரிடம் வாய் திறக்கும்?

‘இல்லம் தேடிக் கல்வி’யில் சொல்லித்தந்த அதே அக்காக்களைப் பெரிய பிள்ளைகளுக்கும் துணையாக அனுப்புங்கள். பாடம் நடத்த வேண்டாம். “சாப்பிட்டியா, ஏன் முகம் வாடியிருக்கு” என்று கேட்டு, சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டால் போதும். மார்க்கைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. அதற்காகப் பள்ளிகள் வாரத்தில் ஒரு மாலை ஸ்பெஷல் கிளாஸை விட்டுக்கொடுக்க வேண்டும். ரிவிஷன் தேர்வுகள் தொடங்கும் முன்பே இதைச் செய்தாக வேண்டும்; தொடங்கிவிட்டால் எந்தப் பள்ளியும் அந்த ஒரு மாலையைத் தராது.