சப்நாட்டிகா: துப்பாக்கி இல்லாத கடல்

வீடியோ கேம் என்றாலே சுடுவதும் வெட்டுவதும்தான் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள். 'சப்நாட்டிகா' என்று ஒரு கேம். அன்நோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2014 கடைசியில் அரைகுறையாகவே விற்பனைக்கு விட்டு, ஆடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தி, 2018 ஜனவரியில் முழுசாக வெளியிட்டது.

கதை சின்னதுதான். அரோரா என்ற விண்கப்பல் ஒரு கடல் கிரகத்தில் விழுந்துவிடுகிறது. தப்பியவன் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் மூச்சு 45 விநாடிதான் தாங்கும். அதற்குள் டைட்டானியம் பொறுக்க வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், மேலே வரவும் வேண்டும். இன்னும் ஒரே ஒரு துண்டு என்று ஆசைப்பட்டால்... அவ்வளவுதான்!

இதன் பெரிய பலம், துப்பாக்கி இல்லாததுதான். 2012-ல் அமெரிக்காவின் சாண்டி ஹுக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூடு இந்த முடிவுக்கு ஒரு காரணம் என்று இயக்குநர் சார்லி கிளீவ்லாண்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஒரு கத்தி உண்டு. மிருகங்களைக் கொஞ்ச நேரம் உறைய வைக்கும் கருவி ஒன்றும் உண்டு. ஆனால் ரீப்பர் லெவியத்தான் உறுமும்போது கத்தியை வைத்து என்ன செய்வது? ஓட வேண்டியதுதான். நாம் இங்கே வேட்டைக்காரன் இல்லை, வழி தவறி வந்த விருந்தாளி என்பது அப்போதுதான் உறைக்கிறது.

சரி, குறைகளுக்கு வருவோம். பையில் 48 கட்டங்கள்தான். பாதி நேரம் பெட்டிகளைக் குடைவதிலேயே போய்விடும். வேகமாகப் போனால் எதிரே இருக்கும் பாறை கடைசி நேரத்தில் திடீரென முளைக்கும். தானாகச் சேமிக்கும் வசதியும் கிடையாது. மறந்துவிட்டால் இரண்டு மணி நேர உழைப்பு கோவிந்தா!

வரைபடம் இல்லை என்பதையும் பலர் குறையாகச் சொல்கிறார்கள். அது சரியில்லை. வழி தெரியாததுதானே பயமே! உண்மையான குறை வேறு. பெரிய வாகனங்கள் கைக்கு வந்த பிறகு கடல் சுருங்கிவிடுகிறது. பயந்து பயந்து இறங்கிய இடம், மளிகைச் சீட்டோடு போய்வரும் கடைத்தெரு மாதிரி ஆகிவிடுகிறது. 2021-ல் வந்த அடுத்த பாகமான 'பிலோ ஜீரோ'வில் நாயகி பேசிக்கொண்டே வருவதால் அந்தத் தனிமையும் குறைந்துவிட்டது.

ஆனாலும் ஆடிப் பாருங்கள். எதையும் கொல்லாமல் ஜெயிக்க முடியும் என்று காட்டும் கேம்கள் குறைவு. இரவில், ஹெட்போன் போட்டுக்கொண்டு!