ஊர்ப்பேரை மட்டும் கொடுத்தோம்

மதுரை புஷ்பவனம், மதுரை மணி ஐயர், மதுரை சோமு, மதுரை சேதுராமன் - பொன்னுசாமி. மேடை ஏறினால் இந்தப் பெயர்களை அடுக்காத மதுரைக்காரர் குறைவு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் பிறந்தது இந்த ஊர், டி.எம்.எஸ். பிறந்ததும் இந்த ஊர்தான் என்று சேர்த்துக்கொள்வோம். சொல்லி முடித்த கையோடு, "எல்லாத்தையும் சென்னை இழுத்துக்கிருச்சு" என்று முடித்துவிடுவோம். அவர்கள் இங்கே பிறந்ததற்கும் இங்கிருந்து போனதற்கும் நடுவில் இந்த ஊர் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வியை நாம் எழுப்பிக்கொள்வதே இல்லை.

சென்னையோடு ஒப்பிடுவது நமக்கு வசதி. அது தலைநகரம்; சினிமா, பத்திரிகை, மார்கழி சீசன் எல்லாம் அங்கே. அந்தப் போட்டியில் தோற்றால் யார் மேலும் பழி இல்லை. நம் அளவுள்ள ஊர்களின் பக்கம் திரும்பும்போதுதான் தலை குனிய வேண்டியிருக்கிறது.

வட கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்தாலும் 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தொடவில்லை, மதுரையைவிடச் சிறியது. இந்துஸ்தானிப் பாடகர் மல்லிகார்ஜுன் மன்சூர் 1992-இல் இறக்கும்வரை தார்வாட்காரராகவே இருந்தார். கங்குபாய் ஹங்கல் ஹூப்ளியில் வாழ்ந்து, 2009-இல் அங்கேயே மறைந்தார். பசவராஜ் ராஜகுருவும் அந்த மண்ணைவிட்டுப் போகவில்லை. பீம்சேன் ஜோஷி புனேவுக்குப் போனார், உண்மைதான். ஆனாலும் ஊரிலேயே இருந்துகொண்டு பத்மவிபூஷண் வரை போக முடியும் என்று மன்சூரும் கங்குபாயும் காட்டினார்கள். தார்வாடில் வானொலி நிலையம் இருந்தது, பல்கலைக்கழகம் இருந்தது. இரண்டும் இசைவாணர்களுக்கு வேலை கொடுத்தன. அதற்கும் மேலாக, மாலையில் யாராவது பாடுகிறார் என்றால் போய் உட்காரும் ஆட்கள் இருந்தார்கள். வாத்தியார்கள், வக்கீல்கள், கடை வைத்திருப்பவர்கள். மன்சூரின் வீடு இன்று நினைவில்லம்.

மேல அனுமந்தராயன் கோயில் தெருவில் எம்.எஸ். வளர்ந்த வீடு இருக்கிறது. அவருடைய அம்மா சண்முகவடிவு வீணை வாசித்தவர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். வீட்டின் முகப்பில் ஒரு வீணை வடித்திருக்கும். வீடு எப்போதோ கைமாறிவிட்டது. விற்றவர்களையும் வாங்கியவர்களையும் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. தனியார் சொத்து, அவரவர் கஷ்டம். ஆனால் மூன்று தலைமுறைப் பெண்கள் இசையால் நிமிர்ந்து நின்ற வீட்டைக் காப்பாற்ற இந்த ஊர் ஒன்றுகூடி நின்றதில்லை. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் துணி எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் வந்த நாம், பக்கத்துத் தெருவுக்குள் திரும்பி அந்த வீணையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருப்போமா? 1936-இல் இருபது வயதுப் பெண்ணாக அவர் சென்னைக்குப் போனதற்குச் சொந்தக் காரணங்கள் உண்டு. ஆனால் அவர் போன பிறகும் அவருடையதைப் போன்ற தேவதாசி மரபுக் குடும்பங்களைப் பற்றி நாம் பேசிய பேச்சு குறையவில்லை. பாட்டு மட்டும் வேண்டும், பாடுகிறவரின் தெரு வேண்டாம் என்று இருந்த ஊர் இது.

கேட்பது என்றால் என்ன என்று அறியத் திருச்சூருக்குப் போக வேண்டும். பூரத்தன்று வடக்குநாதன் கோயிலுக்குள் இலஞ்சித்தறை மேளம். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செண்டையும் தாளமும் கொம்பும் குழலுமாக நின்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாண்டி மேளம் கொட்டுவார்கள். சித்திரை வெயிலில் கூட்டம் நின்றே கேட்கிறது. காலம் மாறும் இடம் அந்தக் கூட்டத்துக்குத் தெரியும். சரியான தட்டில் ஆயிரக்கணக்கான கைகள் ஒன்றாக மேலே போகும். யானை, குடைமாற்றம், வாணவேடிக்கை எல்லாம் இருந்தும், மேளத்துக்கென்றே வருகிறவர்கள் அத்தனை பேர். மாநில சங்கீத நாடக அகாடமியும் சாகித்ய அகாடமியும் லலித கலா அகாடமியும் கேரளத்தில் தலைநகரில் இல்லை, திருச்சூரில் இருக்கின்றன. 2008-இலிருந்து உலக நாடக விழாவும் அங்கேதான்.

நம்முடைய சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டத்தில் குறைவில்லை. லட்சக்கணக்கில் வருகிறோம். மாசி வீதியில் சுவாமி வருகிறார். அவருக்கு முன்னால் நாகசுரமும் தவிலும் வருகின்றன. மல்லாரி வாசிக்கிறார்கள். இந்த இடத்தில்தான் நம் நடத்தையை உற்றுப் பார்க்க வேண்டும். சப்பரம் தெருமுனை திரும்பியதும், போன் பிடித்த கைகளோடு, வாசிக்கிறவர்களின் தோளை இடித்து முன்னால் போகிறோம். தவில்காரர் வாரை இழுத்து விட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்குகிறார். நாகசுரக்காரர் சீவாளியில் கை வைத்துக் காத்துக்கொண்டு, நாம் கடந்த பிறகு விட்ட இடத்திலிருந்து எடுக்கிறார். 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு வாசித்த சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் தாத்தா, மீனாட்சி கோயில் வித்வான் பொன்னுசாமிப் பிள்ளை, 'பூர்வீக சங்கீத உண்மை' என்று இசை இலக்கணம் பற்றி ஒரு நூலே எழுதியவர். அப்படி ஒரு பரம்பரை வாழ்ந்த ஊரின் தெருவில் இது நடக்கிறது. கல்யாண மண்டபத்தில் இன்னும் மோசம். தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் வாசித்த தோடியும் கரகரப்பிரியாவும் இலை போடும் சத்தத்தில் போய்விட்டன. 'போதும், நிறுத்தச் சொல்லுங்க, லைட் மியூசிக் வந்தாச்சு' என்று வித்வானிடம் ஆள் விட்டதும் நம் வீட்டுக் கல்யாணங்களில்தான்.

திருச்சியையும் கோவையையும் சுருக்கமாகச் சொன்னால் போதும். திருச்சிக்கு 1914-இலேயே எஃப்.ஜி. நடேச ஐயர் ரசிக ரஞ்சன சபாவைக் கொடுத்துவிட்டார். 1939-இல் வானொலி நிலையமும் வந்தது. கோவைக்கு ஆலைப் பணம் இருந்தது, சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இருந்தன. நம் டி.எம்.எஸ்.ஸின் குரல் முதலில் பதிவானது அங்கே எடுத்த 'கிருஷ்ண விஜயம்' படத்துக்காக. கோவையில் ஓவியம் பார்க்க கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. மதுரையில் ஓர் ஓவியர் தன் படங்களை வைக்க இடம் கேட்டால், கல்யாண மண்டபத்தையோ ஓட்டல் ஹாலையோ கைகாட்டும் நிலைதான் நெடுநாள் இருந்தது. நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1952-இல் தொடங்கிய சத்குரு சங்கீத சமாஜம் இருக்கிறது, தமிழிசைச் சங்கத்தின் ராஜா முத்தையா மன்றம் இருக்கிறது. ராமநாதபுரம் சி.எஸ். சங்கரசிவத்திடம் டி.என். சேஷகோபாலன் படித்தது இந்த ஊரில். நடத்துகிறவர்கள் நடத்திக்கொண்டேதான் இருந்தார்கள். நாற்காலியில் வந்து உட்கார வேண்டியவர்கள் நாம். பாடுகிறவர் பேர்போனவராக இருந்தால் போனோம். உள்ளூர்ப் பிள்ளையின் அரங்கேற்றமென்றால் சொந்தக்காரர் மட்டும் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

இதையெல்லாம்விடப் பெரிய குற்றம் நாடகக்காரர்களுக்குச் செய்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியது மதுரையில். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்த சபாவில் அவரிடம் பயின்ற பிள்ளைகள். சுவாமிகள் எழுதி வைத்த நாடகங்களை நம்பி இன்றும் வாழ்கிறவர்கள் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள். அவர்களுடைய சங்கம் இந்த ஊரில், சுண்ணாம்புக்காரத் தெருவில்.

அந்த நாடகம் நடக்கும் விதமே தனி. கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். திருவிழா நடக்கும் கிராமத்தில் அன்றிரவுதான் சந்திப்பார்கள். பத்து மணிக்கு மேல் ஆர்மோனியக்காரர் பின்பாட்டைத் தொடங்குவார். மிருதங்கம், டோலக், அதற்குப் பக்கத்தில் தாளத்திலிருந்து எல்லா ஓசையையும் ஒற்றை ஆளாகக் கொடுக்கும் ஆல்ரவுண்டு. பபூன் வந்து சிரிக்க வைத்துப் போன பிறகு கதை தொடங்கும். 'வள்ளி திருமணம்' என்றால், தினைப்புனத்தில் நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கத்துக்காகத்தான் சனம் கண் விழித்திருக்கும். நாரதர் என்ன கேட்பார் என்று வள்ளிக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்கு அந்த இடத்திலேயே, பாட்டாகவோ வசனமாகவோ, புராணத்தையும் இலக்கணத்தையும் உள்ளூர் நடப்பையும் இழுத்துப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சரியாக விழுந்தால் மண்ணில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் உரக்கச் சொல்லிப் பாராட்டுவார்கள். பள்ளிக்கூடம் முடிக்காத பெண்கள்கூட அந்தத் தர்க்கத்தில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, கல்லூரிப் பட்டிமன்றம் மேல் அவ்வளவு மதிப்பு வராது.

இதை மதுரை நகரம் தன் கலை என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை. கிராமத்துச் சமாச்சாரம், ஆபாசம், ராத்திரிக் கூத்து என்று ஒதுக்கினோம். அந்த நடிகைகள் குடியிருக்க வீடு தேடி வந்தபோது, தொழில் என்ன என்று கேட்டுக் கதவை மூடிய தெருக்கள் நம் தெருக்கள். அவர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் கேலி செய்தவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். 2020-இல் ஊரடங்கு விழுந்தது சரியாகப் பங்குனி, சித்திரைக்கு. வருஷம் முழுவதுக்கும் அவர்கள் சம்பாதிக்கும் மாதங்கள் அவை. அடுத்த ஆண்டும் அதே கதி. சிலர் கொத்து வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போனார்கள். நாம் பால்கனியில் நின்று கைதட்டிக்கொண்டிருந்த நாட்களில், நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இது நடந்தது.

பறைக்கும் இதையேதான் செய்தோம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ வந்ததும் போஸ்டர் ஒட்டினோம். அதற்கு முன்னால் எத்தனை ஆண்டுகள் அவர் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்! பறை சாவு வீட்டுக்குத்தான் என்று ஒதுக்கி, அதற்கு ஒரு சாதியை ஒட்டிவைத்தவர்களில் கற்றறிந்த நாமும் உண்டு. அமுதன் ஆர்.பி. 1998-இல் தொடங்கிய ஆவணப்பட விழா பெரிய பணம் இல்லாமலே இங்கே நடந்து வந்தது. இலவசமாகக் காட்டிய படங்களைப் பார்க்கவும் நமக்கு நேரம் இருக்கவில்லை.

இதே நாம் 2023-இல் நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகம் திறந்ததும் குடும்பம் குடும்பமாகப் போனோம். பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் வந்து கூட்டிப்போகிறோம். ஆர்வம் கெட்டுப்போன ஊர் இல்லை இது. அதனாலேயே நம் அலட்சியத்துக்குச் சாக்கு கிடையாது.

தை பிறந்தால் திருவிழாக்கள் வரிசையாக வரும். எந்த ஊரில் என்றைக்கு என்ன நாடகம், வள்ளியாக யார், நாரதராக யார் என்று சுண்ணாம்புக்காரத் தெருவில் கேட்டால் சொல்வார்கள். மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பக்கமென்றால் டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். பத்து மணிக்குள் போனால்தான் முன்வரிசையில் இடம். திரும்பி வரப் பஸ் இருக்காது; தர்க்கம் சூடுபிடிப்பதே நடுச்சாமத்துக்கு மேல்தான் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சால்வை கொண்டுபோக வேண்டியதில்லை. பாட்டு பிடித்தால் மேடைக்குப் போய் ஆர்மோனியக்காரர் கையில் பணமாகக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம்.