வெஸ்லியின் வெள்ளிக் கரண்டிகள்

1776இல் வெள்ளிப் பாத்திர வரி கேட்டவர்களுக்கு இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து மனசு அதையே சுற்றுகிறது. லண்டனில் இரண்டு கரண்டி, பிரிஸ்டலில் இரண்டு. சுற்றிலும் இத்தனை பேர் ரொட்டிக்கு ஏங்கும்போது இனி வாங்குவதாக இல்லை என்றார். புத்தக விற்பனையில் நல்ல காசு பார்த்தவர்தான். சம்பாதிப்பதை அவர் பாவமென்று சொல்லவில்லை. பிறருக்குக் கேடில்லாமல் முடிந்த மட்டும் சம்பாதியுங்கள் என்றே பிரசங்கித்தார். ஆக்ஸ்ஃபோர்டு நாட்களில் ஆண்டுக்கு 30 பவுண்டு வந்தபோது 28இல் வாழ்ந்தார். வரவு 60 ஆனபோதும் அதே 28தான், மிச்சமெல்லாம் ஏழைகளுக்கு. தசமபாகத்தை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, மீதியில் வீட்டையும் காரையும் பெரிதாக்கி, அதை ஆசீர்வாதமென்று சாட்சி சொல்கிறவர்களுக்கு இந்த 28 உறுத்த வேண்டும். எனக்கு உறுத்துகிறது.