கூடம் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தோற்றவன் வாயைத் திறந்தால் அவன் மேல் எடுத்து வீசுவதற்கென்றே செய்து வைத்த கல் மாதிரி ஒரு பழமொழி. முப்பத்தைந்து வருட வங்கி உத்தியோகத்தில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டதில்லை. கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்? கட்டினவர்களே அப்படிக் கட்டியிருந்தால்?

இந்தப் பழமொழி எவ்வளவு பெரிய அநியாயத்துக்குத் துணை போகும் என்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஐஸ் ஹாக்கி. சிரிக்காதீர்கள். மதுரைப் பக்கத்து ஆசாமிக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்றால், மகள் வீடு வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வர்ஜீனியாவில் இருக்கிறது. 2018 மே, ஜூன் மாதங்களில் நாங்கள் அங்கே இருந்தோம். ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தது. வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணி ஸ்டான்லி கோப்பையின் இறுதிச்சுற்றுக்கு வந்திருந்தது. எதிரணி லாஸ் வேகாஸ் நகரத்தின் வேகாஸ் கோல்டன் நைட்ஸ். அந்த அணிக்கு அதுதான் பிறந்த வருடம், முதல் சீசன்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். எல்லாரும் ஒரே குரலில் சொன்னது இது: “வேகாஸுக்கு லீக் அள்ளிக் கொடுத்துவிட்டது அங்கிள். புது டீம் என்றால் முதலில் நாலைந்து வருடம் அடி வாங்க வேண்டும். எங்கள் கேப்ஸ் வாங்கவில்லையா? அதுதான் முறை.”

அதுதான் முறையா? ஊர் திரும்பிய பிறகும் இந்தப் பேச்சு என்னை விடவில்லை. அந்தக் கேப்பிடல்ஸ் அணியின் முதல் சீசனைத் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

1974-75. தேசிய ஹாக்கி லீக்கில் கேப்பிடல்ஸ் ஆடிய முதல் சீசன். மொத்தம் 80 ஆட்டம். வெற்றி 8, தோல்வி 67, டிரா 5. வெற்றிக்கு இரண்டு புள்ளி, டிராவுக்கு ஒன்று. ஆக, 160 புள்ளிக்கு 21. அவர்கள் போட்ட கோல் 181, வாங்கிய கோல் 446. ஆட்டத்துக்கு ஐந்தரைக்கு மேல். தொடர்ந்து 17 ஆட்டம் தோற்றார்கள். வெளியூரில் ஆடிய 40 ஆட்டத்தில் முதல் 37-உம் தோல்வி. 1975 மார்ச் 28 அன்று கலிஃபோர்னியா அணியை 5-3 என்று ஜெயித்தபோது, உடைமாற்றும் அறையிலிருந்த ஒரு குப்பைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, அதுதான் ஸ்டான்லி கோப்பை என்று வலம் வந்தார்களாம். வெளியூரில் அந்த ஒரு வெற்றிதான்.

மிஷெல் பெலுமர் என்று ஒரு கோல்கீப்பர். அந்த சீசனில் அவர் கணக்கில் 24 தோல்வி, 3 டிரா. வெற்றி ஒன்றுகூட இல்லை. ஐம்பது வருடம் ஆகிறது. அந்த மனிதர் பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யம் அவருடையதா என்பதுதான் என் கேள்வி.

புது அணிக்கு ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? ஏற்கெனவே இருக்கும் அணிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் யாரை வேண்டுமானாலும் எடுக்க முடியாது. பழைய அணி ஒவ்வொன்றும் முதலில் ஒரு பட்டியல் கொடுக்கும்: இவர்கள் எங்கள் ஆட்கள், கை வைக்காதே. மிச்சம் இருப்பவர்களில் பொறுக்கிக்கொள்ளலாம். 1974-இல் பழைய அணி ஒவ்வொன்றும் 15 ஆட்டக்காரர்களையும் 2 கோல்கீப்பர்களையும் இப்படிக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று விதி. ஆக 17 பேர். ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி இறக்குவதே ஏறக்குறைய இருபது பேரைத்தான். விருந்து முடிந்து இலை எடுத்த பிறகு, ‘வாருங்கள், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கூப்பிட்ட கதை.

அந்த மிச்சமும் எப்படிப்பட்ட மிச்சம்? 1967 வரை லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். 1974-இல் அது 18 ஆகிவிட்டது. போதாக்குறைக்கு உலக ஹாக்கி சங்கம் என்று ஒரு போட்டி லீக் வேறு 14 அணிகளோடு நடந்துகொண்டிருந்தது. ஏழு வருடத்தில் ஆறு, முப்பத்திரண்டு ஆகிவிட்டது. நல்ல ஆட்டக்காரர்கள் என்ன மழைக்கு முளைக்கிற காளானா?

இப்படிப்பட்ட மிச்சத்தைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமைக்கு வாஷிங்டன் கட்டிய கட்டணம் 60 லட்சம் டாலர்.

வாஷிங்டன் நிர்வாகம் ஒழுங்கில்லை என்பார்கள். ஒரே சீசனில் மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள், உண்மைதான். ஆனால் அதே வருடம், அதே விதியில், கான்சஸ் சிட்டியிலும் ஒரு அணி பிறந்தது. அது 15 ஜெயித்து 54 தோற்றது. இரண்டே வருடத்தில் ஊரைக் காலி செய்துகொண்டு டென்வருக்குப் போய்விட்டது. இரண்டு குழந்தைகளும் சவலையாகப் பிறந்தால் குழந்தைகளைத் திட்டுவதா, போட்ட சாப்பாட்டைப் பார்ப்பதா?

இந்த இடத்தில் எனக்கு என் உத்தியோக காலம் ஞாபகம் வராமல் இருக்காது. எண்பதுகளில் நான் வேலை பார்த்த வங்கி ஒரு சின்ன ஊரில் புதுக் கிளை திறந்தது. சுற்றியிருந்த கிளைகளுக்கெல்லாம் சர்க்குலர் போனது: ஆளுக்கு ஒருவரை ரிலீவ் செய்யுங்கள். எந்த மேனேஜராவது நல்ல கேஷியரை விடுவாரா? ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தவர், யூனியன் சண்டையில் பெயர் கெட்டவர், மாதம் பாதி நாள் மெடிக்கல் லீவில் இருந்தவர், இப்படி வந்து சேர்ந்தார்கள். கூடவே ஒரு விசை மக்கர் செய்யும் டைப்ரைட்டரும், கால் ஆடும் மேஜையும். நானும் அந்தக் கிளையில்தான் இருந்தேன். வருடக் கடைசியில் டெபாசிட் இலக்கு எட்டவில்லை. மீட்டிங்கில் எங்கள் மேனேஜரை நிற்க வைத்துக் கேட்டார்கள். ஆள் கொடுத்த மேனேஜர்கள் எதிர் வரிசையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அன்றைக்கும் அந்தக் கூடப் பழமொழியை ஒருவர் சொன்னார்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘லாயக்கில்லை’ என்று எங்களிடம் தள்ளிவிடப்பட்ட ஒரு கிளார்க், சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களை அவர் பொறுப்பில் விட்டதும், நாலு மாதத்தில் பேலன்சிங் பாக்கி இல்லாமல் செய்தார். பழைய கிளையில் அவருக்குக் கொடுத்திருந்த வேலை, வருகிற தபாலுக்கு எண் போடுவது.

இப்போது வேகாஸுக்கு வருவோம். 2017. விதி மாறியிருந்தது. பழைய அணிகள் காப்பாற்றிக்கொள்ளக்கூடியது 7 முன்கள வீரர்கள், 3 தடுப்பாட்டக்காரர்கள், ஒரு கோல்கீப்பர். இல்லையென்றால் எந்த இடத்தில் ஆடுபவராக இருந்தாலும் 8 பேரும் ஒரு கோல்கீப்பரும். அதாவது 17 பேர் என்பது 11 அல்லது 9 ஆகிவிட்டது. முப்பது அணிகளிடமிருந்தும் தலைக்கு ஒருவர். பலன்? 82 ஆட்டத்தில் 51 வெற்றி, 109 புள்ளி, பிரிவில் முதலிடம். லாஸ் ஏஞ்சலஸ், சான் ஹோசே, வின்னிபெக் என்று மூன்று அணிகளை வரிசையாக வீழ்த்தி இறுதிச்சுற்று.

வில்லியம் கார்ல்சன் என்ற ஆட்டக்காரர் முந்தைய வருடம் கொலம்பஸ் அணியில் போட்டது 6 கோல். வேகாஸில் முதல் வருடம் 43. ஒரே கோடையில் கையும் காலும் புதிதாக முளைத்துவிட்டதா? கொலம்பஸில் அவர் பின்வரிசை ஆள். இங்கே முதல் வரிசையில் இறக்கினார்கள். எங்கள் லெட்ஜர் கிளார்க் கதைதான். கொலம்பஸ், வேறு ஆட்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் கூடக் கொடுத்து இவரை எடுத்துக்கொள்ளச் சொன்னது என்பது இன்னும் வேடிக்கை. ஃபுளோரிடா அணியோ, முந்தைய வருடம் 30 கோல் போட்ட மார்ச்செசோவையே பட்டியலில் சேர்க்காமல் விட்டது. வேகாஸின் பயிற்சியாளர் ஜெரார்ட் கலான்டும் அதே ஃபுளோரிடா வேலையை விட்டு நீக்கிய ஆள்தான். அந்த வருடத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்கே போனது.

‘லீக் அள்ளிக் கொடுத்தது’ என்பவர்களுக்கு என் பதில் இது. லீக் கொடுத்தது ஒரு நியாயமான பங்கு. மீதியை அள்ளிக் கொடுத்தவை பழைய அணிகளே. தங்கள் ஆட்களின் மதிப்பு தங்களுக்கே தெரியாமல் கொடுத்தார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் இதை அற்புதம் என்பார்கள். 2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகாஸில் ஒரு இசை நிகழ்ச்சியின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 58 பேர் இறந்தார்கள். பின்னாளில் அது 60 ஆனது. ஐந்து நாளில் அணியின் முதல் ஆட்டம். துக்கத்தில் இருந்த ஊரை அந்த அணி தூக்கி நிறுத்தியது. 58 என்ற எண்ணை இனி யாரும் அணியக்கூடாது என்று எடுத்து வைத்தார்கள். அந்த உணர்வை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உணர்ச்சி மட்டும் கோல் போடாது. அற்புதம் என்று கும்பிட்டுவிட்டால் விதியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, அந்த வசதிக்காகத்தான் பலர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அற்புதமா விதியா என்று சந்தேகம் இருந்தால் தொண்ணூறுகளைப் பாருங்கள். 1992-93-இல் புதிதாக வந்த ஒட்டாவா 10 வெற்றி, 70 தோல்வி, 24 புள்ளி. அடுத்த வருடமே புதிதாக வந்த ஃபுளோரிடா 83 புள்ளி. நடுவில் என்ன நடந்தது? 1993-இல் பழைய அணி ஒவ்வொன்றும் ஒரே ஒரு கோல்கீப்பரைத்தான் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். ஜான் வான்பீஸ்புரூக் என்ற முதல்தர கோல்கீப்பர் ஃபுளோரிடாவுக்குக் கிடைத்தார். மூன்றாவது சீசனில் ஃபுளோரிடா இறுதிச்சுற்றில்.

“சரி, சியாட்டில்?” என்று மாப்பிள்ளை மடக்கினார். நியாயமான கேள்வி. 2021-இல் வேகாஸுக்கு இருந்த அதே விதிதான் சியாட்டிலுக்கும். முதல் சீசனில் 27 வெற்றி, 60 புள்ளி, அவ்வளவுதான். பழைய அணிகள் ஒரு முறை சூடுபட்டுவிட்டதால் இந்த முறை ஏமாறவில்லை. நியாயமான விதி வெற்றியைக் கையில் கொடுக்காது, நிமிர்ந்து நிற்க ஒரு தரை கொடுக்கும். அடுத்த வருடமே சியாட்டில் 100 புள்ளி எடுத்து, முதல் சுற்றிலேயே நடப்புச் சாம்பியன் கொலராடோவை வெளியே அனுப்பியது. கேப்பிடல்ஸ் முதன்முதலாக நாக்-அவுட் சுற்றைப் பார்த்தது 1983-இல். எது முறை?

லீக்குக்கு நல்ல புத்தி வந்ததால் விதி மாறியது என்று நான் நினைக்கவில்லை. வேகாஸ் கட்டிய கட்டணம் 50 கோடி டாலர். 1974-இன் 60 லட்சத்தை 2017-இன் மதிப்புக்கு ஐந்து மடங்காக்கினாலும் மூன்று கோடிதான். 50 கோடி கட்டுகிறவனிடம் கழிவை நீட்ட முடியுமா? நீட்டினால் அடுத்து யார் வருவார்? விலை ஏறியதும் நியாயமும் கூடவே ஏறியது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால், தலைவிதி என்று சொல்லி வந்த விஷயம் பேனாவால் திருத்தக்கூடிய வெறும் விதிதான் என்பது இதில் அம்பலமாகிவிட்டது. மனசு வைத்திருந்தால் 1974-லேயே திருத்தியிருக்கலாம்.

அந்த 2018 இறுதிச்சுற்றில் கேப்பிடல்ஸ் 4-1 என்று ஜெயித்தது. பிறந்து 44 வருடம் கழித்து முதல் கோப்பை. ‘பார்த்தீர்களா அங்கிள், பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்ற பாணியில் எல்லாரும் பேசினார்கள். ஆண்டது யார்? 1974-இல் பொறுத்தவர்கள் யாரும் அன்று பனித்தரையில் இல்லை. கேப்பிடல்ஸின் அந்த எட்டு வெற்றிகளுக்கும் கோல் காத்த ரான் லோ, அதன் பிறகும் பத்து வருடம் இதே லீக்கில் ஆடினார், பிறகு எட்மண்டன், நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிகளுக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். ஆட்டம் தெரியாதவரையா இவர்கள் கூப்பிட்டார்கள்? அந்த வருடம் 36 தோல்வியை அவர் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். 17 பேரைப் பூட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தை நீட்டியவர்கள் பெயரில் ஒன்றும் எழுதவில்லை.

ஆகவே நண்பர்களே, புதிதாக வந்த ஒரு அணியோ, ஒரு கிளையோ, ஒரு பள்ளிக்கூடமோ கடைசி இடத்தில் கிடந்தால், ‘புதுசு, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். பழையவர்கள் பூட்டி வைத்த பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை பெயர் என்று எண்ணுங்கள். அதற்குப் பிறகு ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம்.