வாசல்வரை வந்த ஃபைபர், வீட்டுக்குள் வராதது ஏன்?

2025க்குள் 90 லட்சம் வளாகங்களுக்கு ஃபைபர் இணைய வசதி. 2020இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டத்தின் இலக்கு இது. ஆனால் இந்தக் கணக்கில் வருவன இணைப்பு பெற்ற வீடுகள் அல்ல. ஃபைபர் கேபிள் அருகில் செல்வதால், விண்ணப்பித்தால் இணைப்பு பெறக்கூடியவை.

இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிவது பழைய அடுக்குமாடிகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும்தான். அடுக்குமாடியில் சாலையோரம்வரை கேபிள் வந்தாலும், அதை மாடிமாடியாகக் கொண்டுசெல்லக் கட்டட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தோட்டத்திலோ நிலமும் நிறுவனத்துடையது, வீடும் நிறுவனத்துடையது. ஐம்பது, அறுபது வீடுகளுக்காகச் செம்பனைக் காட்டுக்குள் பல கிலோமீட்டர் கேபிள் இழுப்பது எந்தச் சேவை நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. குறைந்த வருமானம் பெறுவோருக்கு 2023இல் மாதம் 69 ரிங்கிட் திட்டம் வந்தது. நல்ல விலைதான், கேபிளே வராத வீட்டுக்கு அதனால் என்ன பயன்?

5ஜி இருக்கிறதே என்பார்கள். கைப்பேசிக்குச் சரி. ஆனால் ஒரு கோபுரத்தின் வேகத்தை வட்டாரமே பங்கிட்டுக்கொள்கிறது. பிள்ளைகள் மூவர் ஒரே நேரத்தில் இயங்கலையில் படிக்கும் வீட்டுக்கு அது போதாது. தவிர, அந்தக் கோபுரத்துக்கும் பெரும்பாலும் ஃபைபர்தான் வேண்டும்.

புதிய குடியிருப்புகளில் நீர், மின்சாரம்போல் தொடர்பு வசதியையும் கட்டாயமாக்கும் கட்டட விதித் திருத்தத்தைப் பல மாநிலங்கள் ஏற்றுள்ளன. பழைய வீடுகளுக்கு அது பொருந்தாது. அடுக்குமாடிவாசிகளாவது கூட்டு நிர்வாகக் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். தோட்டத்து வீட்டில் குடியிருப்பவருக்கு அந்தக் கூட்டமும் இல்லை.