பந்தியில் மறக்கப்பட்டோர் யார்?

தொடக்ககாலத் திருச்சபையில் எழுந்த முதலாவது முறைப்பாடு மறைபொருள் எதனையும் பற்றியதன்று. அன்றாட உணவைப் பற்றியதாகும். திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரம் அதனை ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்கின்றது. எருசலேம் நகரின் கிறிஸ்தவக் குழுமத்தில் எபிரேய மொழி பேசுவோரும் கிரேக்க மொழி பேசுவோரும் ஒன்றாக வாழ்ந்தனர். ஆயினும் நாள்தோறும் நடைபெற்ற பகிர்வின்போது கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் கவனிக்கப்படாது விடப்பட்டனர். ஒரே அப்பத்தைப் பிட்டு உண்டவர்களின் நடுவிலேயே, மொழியால் வேறுபட்டவர்களின் தட்டு வெறுமையாயிருந்தது.

அந்த முறைப்பாட்டை இன்று நாம் நினைவுகூர வேண்டியதற்குத் தக்க காரணம் உண்டு.

2025 நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளி எமது நாட்டைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மன்னார், முல்லைத்தீவுப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து மனிதரையும் மனைகளையும் மண்ணுள் புதைத்தன. அவ்வாண்டின் திருவருகைக்காலம் நவம்பர் 30ஆம் திகதி, இத்துயரத்தின் நடுவிலேயே ஆரம்பமாகியது. பாலன் இயேசுவுக்குக் குடில் அமைக்க நாம் ஆயத்தமான அதே நாட்களில், குடியிருக்க இடமின்றி ஆயிரமாயிரம் குடும்பங்கள் பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் விகாரைகளிலும் தஞ்சமடைந்திருந்தன.

அவ்வேளையில் எமது மக்களின் இரக்கம் உறங்கவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிடல் வேண்டும். சமைத்த உணவும் உலர் உணவும் உடைகளும் இன, மத வேறுபாடின்றிப் பகிரப்பட்டன. எனினும் அக்காலத்திலேயே மற்றொரு குரலும் எழுந்தது. அனர்த்த எச்சரிக்கைகளும் அறிவித்தல்களும் தமிழ் மொழியில் உரிய வேளையில் வந்து சேரவில்லை என்பதே அக்குரலாகும். எருசலேமின் கைம்பெண்களின் பொருட்டு எழுந்த முறைப்பாட்டை எதிரொலித்தாற்போல அது அமைந்திருந்தது. மொழியின் பொருட்டு ஒருவர் பந்தியில் மறக்கப்படுதல் பழைய கதையன்று.

திருத்தூதர்கள் செய்தது என்ன?

அம்முறைப்பாட்டைத் திருத்தூதர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. முறையிட்டோரை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. பொறுமையோடு சகித்துக்கொள்ளுமாறு அறிவுரை கூறி அனுப்பவும் இல்லை. சபையார் அனைவரையும் கூட்டி, எழுவரைத் தெரிவுசெய்யுமாறு பணித்தனர். உணவு பரிமாறும் அப்பணிக்கு அவர்கள் கேட்ட தகைமை யாது? நற்சான்றும் ஞானமும் தூய ஆவியின் நிறைவும் ஆகும். இறைவார்த்தையைப் போதிப்பவரிடம் எதிர்பார்க்கப்படும் அதே தூய்மை, பருப்பையும் மாவையும் பங்கிடுபவரிடமும் எதிர்பார்க்கப்பட்டது.

மேலும் ஒன்று உண்டு. ஸ்தேவான், பிலிப்பு தொடக்கம் நிக்கொலா வரை அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. இதிலிருந்து, புறக்கணிக்கப்பட்ட பிரிவினரிடமிருந்தே பொறுப்பாளர்கள் தெரிவுசெய்யப்பட்டனர் என விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், மறக்கப்பட்டோருக்கு அன்று ஒரு நேர உணவு மாத்திரம் வழங்கப்படவில்லை. பங்கிடும் அகப்பையே அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது. பந்தி பரிமாறச் சென்ற அந்த ஸ்தேவானே திருச்சபையின் முதலாவது மறைசாட்சியாகவும் விளங்கினார்.

இதுவே கிறிஸ்தவ இரக்கத்தின் முழுவடிவம் எனலாம். பசித்தவருக்கு உணவளித்தல் அதன் முதற்படி. அவர் ஏன் பசித்திருக்கின்றார், அவருடைய பெயர் ஏன் பட்டியலில் இல்லை என வினவி, அக்குறையை நீக்குதல் அதன் அடுத்த படியாகும்.

மலைச்சரிவின் அடியில் தெரிந்த உண்மை

இப்பார்வையோடு மலையகத்தை நோக்குவோம். மண்சரிவு இயற்கையின் செயலாக இருக்கலாம். ஆயினும் அதற்கு முதற்பலியாகும் இடத்தில் யார் குடியிருக்கின்றனர் என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. பெருந்தோட்டக் காணிகள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின்கீழ் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் அனைத்திலும் லயன் அறைகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றின் கைக்குக் காணி உறுதி வந்து சேரவில்லை. தம் முன்னோர் வந்து 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை 2023ஆம் ஆண்டு நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டபோது முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் காணியும் வீடும் முதன்மை பெற்றமை இதனாலேயே.

2019ஆம் ஆண்டின் அரச புள்ளிவிபரங்களின்படி நாடு முழுவதிலும் வறுமைக்கோட்டின்கீழ் வாழ்ந்தோர் நூற்றுக்கு 14.3 பேராவர். தோட்டப்புறத்தில் அது 33.8 ஆக, இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. அதன்பின் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. ஏற்கெனவே ஒட்டிப்போயிருந்த வயிறுகள்மீது அச்சுமை இறங்கியது. அதன்மேல் மலையும் சரிந்தது.

சொந்தக் காணியில் வீட்டை இழந்தவர் அக்காணியையாவது சுட்டிக்காட்டி உதவி கேட்கலாம். உறுதியில்லா லயன் அறையை இழந்தவர் எதனைச் சுட்டிக்காட்டுவார்? ஒரே அறையில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒண்டிவாழும் இடத்தில், நட்டஈட்டுப் படிவத்தில் எத்தனை பெயர்கள் இடம்பெறும்? இவை வெறும் நிர்வாகச் சிக்கல்கள் அல்ல. எருசலேமின் பந்தியில் நிகழ்ந்ததும் இத்தகைய ஒன்றே.

எமது முற்றத்திலும் அவர்கள்

எமக்குத் தமிழில் அறிவித்தல் வரவில்லை என நாம் முறையிடுதல் நியாயமானது. அதே வேளையில், எமது பந்தியில் நாம் யாரை மறந்திருக்கின்றோம் என்பதையும் ஆராய்தல் வேண்டும். 1977ஆம் ஆண்டின் வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுள் பலர் எமது பங்குகளிலேயே திருப்பலிக்கு வருகின்றனர். பல தலைமுறைகள் கடந்தும் ஊரவர் என்னும் பெயர் அவர்களுக்கு முழுமையாகக் கிட்டியுள்ளதா? பங்குச்சபையில் அவர்களுக்கு இடமுண்டா? திருநாள் உபயகாரர் பட்டியலில் அவர்களின் பெயர் உண்டா? அவர்களின் பிள்ளைகளுக்குத் திருமணம் பேசும்போது எமது நாவில் எழும் முதற்கேள்வி எது? நிவாரணப் பொதி ஒன்றை மலையகத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வாங்கில் அமர்ந்திருக்கும் மலையகத்தவரை அந்நியராக நோக்குவோமாயின், எமது இரக்கம் தூரத்தை நாடிச் சென்றது பொறுப்பிலிருந்து தப்புவதற்காகவோ என ஐயுற வேண்டியுள்ளது.

எமது மண்ணின் திருத்தூதரான புனித யோசேப்வாஸ் அடிகளார் இவ்விடயத்தில் எமக்கு நல்லாசான் ஆவார். 1687ஆம் ஆண்டு ஒல்லாந்தரின் தடையை மீறி யாழ்ப்பாணம் வந்தடைந்த அவர், சில்லாலை மக்களின் நடுவில் மறைந்திருந்து பணியாற்றினார். பின்னர் கண்டி இராச்சியத்துக்குச் சென்றபோது ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1697ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவி, வசதியுள்ளோர் நகரை விட்டு அகன்றபோது, அவர் அங்கேயே தங்கினார். கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச் சென்று, அவர்களின் புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். நோயாளர் எம்மதத்தினர், எம்மொழியினர் என அவர் வினவவில்லை. தம்மைச் சந்தேகித்துச் சிறையிட்ட நகரத்துக்கே அவர் பணி செய்தார் என்பது சிறப்பாகக் கருதத்தக்கது. 2015 சனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நாம் பெருமையுற்றோம். சில்லாலையிலிருந்து கண்டிக்குச் சென்ற அவரது பாதை இன்றும் எம்முன் திறந்தே கிடக்கின்றது.

முதற்கனியா, மிச்சமா?

அடுத்து, எமது பங்குகளின் செலவுக் கணக்கைச் சற்று நோக்குவோம். திருநாட்கள் எமது மக்களின் உயிர்மூச்சு என்பதில் ஐயமில்லை. போரின் கொடிய ஆண்டுகளிலும் இடம்பெயர்ந்த முகாம்களிலும் கொடியேற்றமும் திருச்சுரூப பவனியுமே சிதறிய மக்களை ஒன்றுசேர்த்து நம்பிக்கையளித்தன. வறியவரும் ஆண்டில் ஒரு நாளேனும் மகிழ்ந்திருக்கும் நாள் அது. ஆகவே திருநாளைக் குறைத்தல் வேண்டும் என இங்கு எவரும் வாதிடவில்லை. வினா முன்னுரிமை பற்றியது. மின் அலங்காரம், வாணவேடிக்கை, ஒலிபெருக்கி, இசைக்குழு, ஒளிப்பதிவு ஆகிய அனைத்துக்கும் ஒதுக்கிய பின்னர் எஞ்சும் தொகையே பெரும்பாலும் ஏழைகளுக்கெனக் குறிக்கப்படுகின்றது. எதுவும் எஞ்சாத ஆண்டில் அவர்களுக்கும் எதுவும் இல்லை.

இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரம் கூறும் முறை இதற்கு மாறானது. விளைச்சலின் முதற்கனியே ஆண்டவருக்குரியது. அந்த மகிழ்ச்சியில் லேவியரும் அந்நியரும் பங்குகொள்ளல் வேண்டும். மிச்சத்தைக் கொடுப்பது தானம். முதற்கனியைக் கொடுப்பதே வழிபாடு.

பெத்தானியாவில் விலையுயர்ந்த நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோது இயேசு அதனை ஏற்றுக்கொண்டாரன்றோ எனச் சிலர் கேட்கலாம். உண்மையே. ஆயினும் மாற்கு நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தைக் கூர்ந்து வாசிப்போமாயின், ஏழைகள் என்றும் உடனிருப்பதால் விரும்பும் போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்ய இயலும் என்பதையும் அவர் அங்கேயே சுட்டிக்காட்டினார். சாவை எதிர்நோக்கிய ஆண்டவருக்கு அன்பினால் செய்யப்பட்ட அச்செயலை, ஏழையை மறப்பதற்கான அனுமதியாகக் கொள்ளுதல் தகாது.

நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர் ஆயராக விளங்கிய புனித அம்புரோசியார், போர்க்கைதிகளை மீட்பதற்காக ஆலயத்தின் திருப்பாத்திரங்களையே உருக்கினார். அதனைக் குறைகூறியோருக்கு, திருச்சபையிடம் பொன் இருப்பது சேர்த்து வைப்பதற்கன்று, தேவையுற்றோருக்குச் செலவிடுவதற்கே என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார். திருத்தந்தை 14ஆம் லியோ 2025 ஒக்டோபர் மாதத்தில் வெளியிட்ட ‘திலெக்சி தே’ என்னும் திருத்தூது ஊக்கவுரையும் இதே மரபில் நிற்கின்றது. ஏழைகள்மீதான அன்பு விரும்பியோர் மேற்கொள்ளும் கூடுதல் பணியன்று, அது நம்பிக்கையின் இதயத்தோடு இணைந்தது என்பதே அதன் சாரம்.

நாம் செய்யக்கூடியவை

பேரிடரின் முதல் வாரத்தில் உதவிகள் வெள்ளமாய் வரும். ஆறாம் மாதத்தில் அவை வற்றிவிடும் என்பதை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நாமே அனுபவித்தோம். ஆகவே நெடுங்காலம் நிலைத்துநிற்கும் பணியே இப்போது தேவையானது. யாழ்ப்பாணத்தில் கியூடெக், மன்னாரில் வாழ்வுதயம், மட்டக்களப்பில் எகெட், கண்டியில் செத்திக் எனக் கரித்தாஸ் நிறுவனங்கள் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் அனுபவத்தோடு பணியாற்றி வருகின்றன. வடக்கின் பங்கு ஒன்று அவற்றின் ஊடாக மலையகத்தின் பங்கு ஒன்றோடு மூன்று ஆண்டுகளுக்கு உறவு பூணலாம். சில மாணவரின் கல்விச் செலவை ஏற்கலாம். மறு ஆண்டு அவர்களின் நலனை நேரில் சென்று விசாரிக்கலாம்.

பணம் இல்லாதவருக்கும் கொடுப்பதற்கு உண்டு. இரு மொழிகளையும் எழுதக் கற்ற ஓர் இளைஞர், படிவம் நிரப்பத் தெரியாத முதியவரோடு பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள் உடன் செல்வது மேலான அன்புப்பணி. சட்டத்தரணி ஒருவர் காணி ஆவணங்களை இலவசமாகப் பரிசீலித்துக் கொடுப்பதும் அத்தகையதே. அன்பியக் கூட்டங்களில் செபமாலை முடிந்தபின், இன்று யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்னும் ஒரு வினாவை எழுப்பலாம். வட்டிக்கடனுக்கு அஞ்சிக் கதவைச் சாத்தியிருக்கும் தாயொருவரின் நிலை அப்போதேனும் வெளிப்படும்.

குடும்பங்களிலும் இது தொடங்கலாம். முதற்திருவிருந்துக்கோ பிறந்தநாளுக்கோ செலவைத் திட்டமிடும்போது, முதல் வரியில் ஏழையொருவருக்குரிய பங்கை எழுதிவிட்டு ஏனையவற்றை அதன்கீழ் எழுதுவோம். அப்பேனாவைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்து எழுதச்செய்வோம். பல ஆண்டு மறைக்கல்வி கற்பிக்காத ஒன்றை அந்த ஒரு வரி அவர்களுக்குக் கற்பிக்கும்.

எருசலேமில் அம்முறைப்பாடு தீர்க்கப்பட்ட பின்னர் இறைவார்த்தை மேன்மேலும் பரவியது, சீடரின் தொகை பெருகியது எனத் திருத்தூதர் பணிகள் நூல் தொடர்ந்து எழுதுகின்றது. கைம்பெண்களின் தட்டு நிறைந்ததும் நற்செய்தி வளர்ந்தது. இன்று எமது மறையுரைகள் உள்ளங்களைத் தொடவில்லையே என வருந்துவோர், எங்கோ ஒரு தட்டு வெறுமையாக உள்ளதா என முதலில் தேடிப்பார்ப்பார்களாக.